போட்ட ஸ்டீராய்டு எங்கே போனது? நுண்ணுயிர் வழி ஸ்டீராய்டு மாற்றத்தில் வரும் கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

கோவை, ஈரோடு, திருச்செங்கோடு பகுதிக் கல்லூரிகளில் உயிர்தொழில்நுட்பம் படிக்கும் முதுகலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நுண்ணுயிரைக் கொண்டு ஒரு ஸ்டீராய்டை (நான்கு கார்பன் வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு வகை, பல ஹார்மோன்களும் மருந்துகளும் இதில் அடங்கும்) இன்னொரு ஸ்டீராய்டாக மாற்றும் திட்டப்பணியை எடுத்தவர்கள், பருவத்தின் நடுவில் "கல்ச்சர் வேலை செய்யவில்லை" என்று சோர்ந்து வந்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. பெரும்பாலான நேரங்களில் கல்ச்சர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. நாம்தான் ஸ்டீராய்டைக் கணக்கில் தொலைத்துவிடுகிறோம்.

ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றே: போட்ட ஸ்டீராய்டு இப்போது எங்கே இருக்கிறது? அது கரையாமல் கிடக்கலாம், செல்லோடு ஒட்டியிருக்கலாம், கருவியின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், அல்லது உண்மையாகவே உண்ணப்பட்டிருக்கலாம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையை எடை போட்டு உள்ளே எடுத்து, எடை போட்டு வெளியே அனுப்புவதுபோல, குடுவைக்குள் போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் ஊடகத்தை (நுண்ணுயிர் வளரும் சத்துக் கரைசலை) மாற்றுவதும் பிஎச் அளவை மாற்றுவதும் வீண்.

இந்தத் துறையின் பின்னணி தெரிந்தால் கோளாறுகளும் எளிதில் புரியும். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் குழுவினர் முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் கொடுத்தபோது, அதைச் செய்வதற்கு இருந்த வழி மாட்டுப் பித்தநீர் அமிலத்திலிருந்து தொடங்கி 30க்கும் மேற்பட்ட வேதிப்படிகளைக் கடப்பதாக இருந்தது. அதில் மிகக் கடினமான வேலை 11ஆம் கார்பனில் ஓர் ஆக்சிஜனை வைப்பது. 1952இல் அப்ஜான் நிறுவனத்தின் பீட்டர்சன், மர்ரே இருவரும் ரைசோபஸ் என்ற பூஞ்சை புரோஜெஸ்டிரோனில் அந்த இடத்திலேயே ஹைட்ராக்சிலை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதியை) ஒரே படியில் சேர்ப்பதைக் காட்டினார்கள். ரொட்டியில் பூக்கும் கருப்புப் பூசணத்தின் இனம் அது. மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து கிடைத்த புரோஜெஸ்டிரோனும் இந்தப் பூஞ்சையும் சேர்ந்ததால்தான் கார்டிசோன் சாதாரண மனிதர்களுக்கு எட்டும் மருந்தானது. 1955இல் ஷெரிங் நிறுவனம் கொண்டுவந்த பிரெட்னிசோன், பிரெட்னிசோலோன் மருந்துகளிலும் நுண்ணுயிருக்குப் பங்கு உண்டு. பிறகு 1970களில் மைக்கோபாக்டீரியங்கள் சோயா எண்ணெயிலும் மரக்கூழிலும் கிடைக்கும் தாவர ஸ்டெரால் என்ற ஸ்டீராய்டின் பக்கச் சங்கிலியை வெட்டி ஆன்ட்ரோஸ்டீன்டையோனாக மாற்றும் வழி வந்தது. அதைச் சுருக்கமாக ஏ.டி. என்பார்கள். இன்று பல ஸ்டீராய்டு மருந்துகளுக்கு அதுவே தொடக்கப் பொருள். நம் மாணவர்கள் எடுக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுதான்.

அறிகுறி: தூள் மேலே மிதக்கிறது, குடுவையின் கழுத்தில் வெள்ளை வளையம் படிந்திருக்கிறது

இதுவே எல்லாக் கோளாறுகளுக்கும் தாய். தாவர ஸ்டெரால் தண்ணீரில் கரையவே கரையாது என்று வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த தூளை ஊடகத்தில் போட்டு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்தால் அது கட்டியாகித்தான் வெளியே வரும். அந்தக் கட்டியின் மேற்பரப்பை மட்டுமே செல்லால் தொட முடியும். மாற்றம் மெதுவாக நடக்கிறது என்றால் நொதி மெதுவானது என்று பொருள் அல்ல, தொடுவதற்குப் பரப்பு இல்லை என்று பொருள்.

ஸ்டெராலை ட்வீன் 80 என்ற, சோப்பு போன்ற குழம்பாக்கியுடன் சேர்த்துச் சூடான நீரில் கலந்து, ஹோமோஜினைசரிலோ அல்ட்ராசோனிக் கருவியிலோ சீரான வெண்குழம்பாகும்வரை அடியுங்கள். அதைத் தனியாகக் கிருமிநீக்கம் செய்து, நன்றாகக் குலுக்கியபடி ஊடகத்தில் சேருங்கள். தொடக்கத்தில் லிட்டருக்கு 1 கிராம் போதும். கட்டுரைகளில் வரும் பெரிய அளவுகளைப் பார்த்து முதல் நாளே அவற்றுக்குத் தாவ வேண்டாம். மைக்கோபாக்டீரியம் ட்வீன் 80ஐச் சிதைத்து அதன் ஒலியிக் அமிலத்தை உணவாக எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் குழம்பு உடைந்து தூள் மீண்டும் மேலே வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

எத்தனால் அல்லது டைமெத்தில் ஃபார்மமைடில் கரைத்து ஊற்றுவது இன்னொரு வழி. புரோஜெஸ்டிரோனுக்கு இது நன்றாகவே பொருந்தும். கரைப்பானின் மொத்த அளவை 1 முதல் 2 சதவீதத்துக்குள் வையுங்கள், அதற்கு மேல் போனால் செல் தளரும். சர்க்கரை வளையமான சைக்ளோடெக்ஸ்ட்ரின்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. அதன் குழிக்குள் ஸ்டீராய்டு போய் உட்கார்ந்துகொள்ளும், மாற்றமும் கண்கூடாக வேகமெடுக்கும். விலை அதிகம் என்பதால் ஒரே ஒரு ஒப்பீட்டுக் குடுவைக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்தலாம். அந்தக் குடுவையில் மாற்றம் நடந்து மற்றதில் நடக்கவில்லை என்றால், உங்கள் நுண்ணுயிர் ரகம் நல்ல ரகம், சிக்கல் கரைதலில் இருக்கிறது என்று உறுதியாகிவிடும். ஒரு பருவ உழைப்பைக் காப்பாற்றும் சோதனை இது.

எண்ணெயில் கரைத்துச் சேர்ப்பவர்களும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆலைகள் நிறைய இருப்பதால் தேங்காயெண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. ஆனால் அதிலிருந்து பிரியும் லாரிக் அமிலம் இதுபோன்ற பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் தன்மை கொண்டது. செக்கு நல்லெண்ணெயில் வேறொரு சிக்கல். அதிலேயே ஸ்டெரால் கணிசமாக இருக்கிறது, அதனால் உங்கள் எடைக் கணக்கு தவறும். போதாததற்கு எள்ளில் உள்ள செசமின் 236 நானோமீட்டர் அருகிலும் 287 அருகிலும் ஒளியை உறிஞ்சும். ஏ.டி.யைத் தேட நாம் கருவியில் வைக்கும் 240 நானோமீட்டர் ஒளியில் அது புதிய விளைபொருள் வந்ததுபோலப் பீக் (வரைபடத்தில் எழும் முகடு) காட்டும். எண்ணெய் சேர்த்துச் செல் சேர்க்காத குடுவை ஒன்றைக் கூடவே வைத்தால்தான் இந்தப் பொய்ப் பீக் பிடிபடும். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயோ சோயா எண்ணெயோ மேல்.

அறிகுறி: ஸ்டெரால் காணாமல் போய்விட்டது, ஆனால் விளைபொருளும் இல்லை

மாணவர்களை மிகவும் கலங்கவைப்பது இதுதான். நிதானமாக வரிசைப்படி போகலாம்.

முதலில் கருவியைக் கேளுங்கள். ஏ.டி.யின் முதல் வளையத்தில் கீட்டோனும் இரட்டைப் பிணைப்பும் அடுத்தடுத்து இருப்பதால் அது 240 நானோமீட்டரில் நன்றாகத் தெரியும். தாவர ஸ்டெரால்களில் முக்கியமான சிட்டோஸ்டெராலில் அந்த அமைப்பு இல்லை. எச்.பி.எல்.சி.யை (கலவையைப் பிரித்து அளக்கும் கருவியை) 240இல் ஓட்டினால் முதல் நாளிலும் ஸ்டெரால் தெரியாது, கடைசி நாளிலும் தெரியாது. "மறைந்துவிட்டது" என்று நீங்கள் நினைப்பது ஒருபோதும் கண்ணில் படாத ஒன்றாக இருக்கலாம். 205 முதல் 210 நானோமீட்டரில் தனியாக ஓட்டிப் பாருங்கள். மெல்லிய படலத்தில் பொருள்களைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டிலும் இதே கதைதான். 254 நானோமீட்டர் விளக்கின் கீழ் ஏ.டி. கருப்புப் புள்ளியாகத் தெரியும், ஸ்டெரால் தெரியாது. எத்தனாலில் கலந்த கந்தக அமிலத்தைத் தெளித்துச் சூடாக்கினால்தான் ஸ்டெரால் நிறம் காட்டும். ஒரே தகட்டை முதலில் விளக்கின் கீழ் பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு அமிலம் தெளித்துப் பாருங்கள். பெரிய கருவி இல்லாத கல்லூரியிலும் இந்தத் தகடு பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்து மாதிரி எடுத்த விதம். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி மேலே உள்ள தெளிவை மட்டும் எடுத்தால், கரையாத ஸ்டெரால் முழுவதும் செல்லோடு அடியில் தங்கிவிடும். மைக்கோபாக்டீரியத்தின் மேலுறை மெழுகுத்தன்மை உடையது, ஸ்டீராய்டு அதில் எளிதில் ஒட்டும். பிப்பெட்டால் 1 மில்லி எடுப்பதும் ஏமாற்றும், ஏனெனில் மிதக்கும் துகள் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வராது. சரியான முறை, ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் ஒரு முழுக் குடுவையையே ஒதுக்கி, அதிலேயே எத்தில் அசிட்டேட்டை ஊற்றி, சுவரையும் கழுத்தையும் கழுவி, செல்லோடு சேர்த்துப் பிரித்தெடுப்பது. குடுவைகள் அதிகம் தேவைப்படும், உண்மைதான். குறைந்த நேரப்புள்ளிகளோடு நம்பத்தக்க எண்கள் கிடைப்பது, நிறையப் புள்ளிகளோடு நம்பமுடியாத கோடு கிடைப்பதைவிடப் பல மடங்கு நல்லது.

இதோடு இரண்டு ஒப்பீட்டுக் குடுவைகள் கட்டாயம். ஒன்றில் செல்லே இருக்கக்கூடாது. மற்றொன்றில் ஆட்டோகிளேவில் கொன்ற செல் இருக்க வேண்டும். செல் இல்லாத குடுவையில் ஸ்டெரால் குறைந்தால் கண்ணாடியோ ரப்பரோ பிரித்தெடுக்கும் முறையோ தின்கிறது. இறந்த செல் குடுவையில் மட்டும் குறைந்தால் அது ஒட்டுதல். இரண்டிலும் குறையாமல் உயிருள்ள குடுவையில் மட்டும் குறைந்தால்தான் நுண்ணுயிர் உண்மையில் உண்டிருக்கிறது.

அப்படி உண்டிருந்தால் காரணம் ரகம். ஸ்டீராய்டின் வளையம் உடைய இரண்டு நொதிகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஒன்று 1, 2 நிலைகளிலிருந்து ஹைட்ரஜனை உருவுகிறது, மற்றொன்று 9ஆம் கார்பனில் ஹைட்ராக்சிலைச் சேர்க்கிறது. இரண்டும் நடந்தால் இரண்டாம் வளையம் தானாகப் பிளந்து, மொத்த மூலக்கூறும் கரியமில வாயுவாகவும் செல்லாகவும் போய்விடும். எண்ணெய் ஆலைக்குப் பின்னால் மண்ணெடுத்து நீங்களே பிரித்தெடுத்த ரகம் இயல்பாகவே இரண்டு நொதிகளையும் வைத்திருக்கும். அதன் உணவு அது, அதைக் குறை சொல்ல முடியாது. மருந்துத் தொழில் இந்த நொதிகள் தடைபட்ட திரிந்த ரகங்களைப் பயன்படுத்துகிறது. என்.ஆர்.ஆர்.எல். என்ற அமெரிக்கச் சேமிப்பகத்தின் பி-3805 ரகம் பெரும்பாலும் ஏ.டி. தரும். பி-3683 இரட்டைப் பிணைப்பு ஒன்று கூடுதலாக உள்ள ஏ.டி.டி.யை அதிகம் தரும்.

மண் ரகத்தையே வைத்துத் தொடர விரும்பினால் ஒரு வழி உண்டு. 9ஆம் கார்பனில் வேலை செய்யும் நொதிக்கு இரும்பு தேவை. வளர்ச்சி முடியும் தறுவாயில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் டைபிரிடைல் என்ற பொருளை மிகச் சிறிய அளவில் சேர்த்தால் வளையம் உடைவது நின்று விளைபொருள் தேங்கும். தொடக்கத்திலேயே சேர்த்தால் வளர்ச்சியே நின்றுவிடும். கற்றுக்கொள்ள அருமையான சோதனை. ஆனால் அந்தப் பொருள் நச்சுத்தன்மை உடையது என்பதால் உற்பத்தி வழியாக இதை எழுத வேண்டாம்.

அறிகுறி: விளைபொருள் ஏறி, பிறகு இறங்குகிறது

தடைபட்ட ரகத்திலும் கொஞ்சம் நொதி மிச்சமிருக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் செல் கிடைத்ததைத் தின்னப் பார்க்கும். உச்சத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நிறுத்துங்கள், அல்லது குளுக்கோஸைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். காற்று குறைந்த குடுவையில் 17ஆம் கார்பனின் கீட்டோன் ஹைட்ராக்சிலாக ஒடுங்கி இன்னொரு பீக் வருவதும் உண்டு.

அறிகுறி: ஏ.டி.யும் ஏ.டி.டி.யும் கலந்து வருகின்றன

இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே ஹைட்ரஜன்தான். மூலக்கூறு எடை 286.4, 284.4. பிரிப்பது கடினம் என்பதால் ஆலைகளுக்கு இது பெரும் தலைவலி. கல்லூரி அளவில் நீங்கள் செய்யக்கூடியது, தட்டில் பரப்பித் தனித்தனிக் காலனிகளை எடுத்து ஒவ்வொன்றையும் சோதித்து, விகிதம் நல்லதாக உள்ளதைச் சேமிப்பது.

அறிகுறி: விளைச்சல் 65 சதவீதத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறது

வருந்த வேண்டாம், ஒருவேளை நீங்கள் உச்சியிலேயே நிற்கிறீர்கள். சிட்டோஸ்டெராலின் மூலக்கூறு எடை 414.7. பக்கச் சங்கிலி முழுவதும் வெட்டுப்பட்டு ஏ.டி. ஆகும்போது 286.4தான் மிஞ்சும். 10 கிராம் ஸ்டெரால் ஒரு துளி வீணாகாமல் மாறினாலும் 6.9 கிராம் ஏ.டி.தான் கிடைக்கும். எடை விகிதத்தையும் மோல் விகிதத்தையும் குழப்பாதீர்கள், ஆய்வேட்டில் எதைக் குறிக்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். கடையில் வாங்கும் தாவர ஸ்டெரால் தூளும் ஒரே பொருள் அல்ல. சிட்டோஸ்டெரால், கேம்பஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

அறிகுறி: ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த ஊடகமே கலங்கியிருக்கிறது

நம் ஊர் போர்வெல் தண்ணீரின் கைவரிசை. அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் ஊடகத்தின் பாஸ்பேட்டோடு சேர்ந்து சூட்டில் வெண்படிவாகும். பார்த்தால் பாக்டீரியா கலப்புபோலவே இருக்கும். ஒரு துளி அமிலத்தில் தெளிந்தால் அது படிவுதான். காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள், பாஸ்பேட்டைத் தனியாகக் கிருமிநீக்கிப் பிறகு சேருங்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்து மாணவர்கள் சிலர் சேகோ ஆலைக் கழிவுநீரையே ஊடகமாக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல எண்ணம், ஊருக்கும் உதவும். மரவள்ளியிலிருந்து வரும் சயனைடு செல்லின் சுவாசத்தையே அடைக்கும் என்பதால் முதலில் அதை அளந்து நீக்க வேண்டும். கழிவுநீரில் நைட்ரஜனும் குறைவு. கடலைப் புண்ணாக்குச் சாறு போன்ற ஒன்றைச் சேர்த்தால்தான் வளர்ச்சி வரும்.

அறிகுறி: ஜனவரியில் நன்றாக வந்த சோதனை ஏப்ரலில் வருவதில்லை

குளிரூட்டி இல்லாத ஷேக்கரால் (குடுவைகளை ஆட்டும் கருவியால்) அறை வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. மோட்டாரின் சூடும் அதில் சேரும். ஏப்ரலில் ஈரோட்டிலும் கரூரிலும் வெயில் 40 டிகிரியை நெருங்கும்போது, திரையில் 28 என்று எழுதியிருந்தாலும் குடுவைக்குள் 36 இருக்கலாம். ரைசோபஸும், ஸ்டீராய்டில் ஹைட்ராக்சிலைச் சேர்க்கும் இன்னொரு பூஞ்சையான கர்வுலேரியாவும் 28 டிகிரியை விரும்புபவை. மைக்கோபாக்டீரியத்தை 30இல் வையுங்கள். உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் பதியும் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து இரவு முழுவதும் பாருங்கள்.

மின்வெட்டும் இதே வகைதான். பக்கச் சங்கிலியை வெட்டவும் ஹைட்ராக்சிலைச் சேர்க்கவும் ஆக்சிஜன் வேண்டும். ஷேக்கர் நின்றால் சில நிமிடங்களிலேயே குடுவையில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஷேக்கரை இன்வெர்ட்டரில் இணையுங்கள். 250 மில்லி குடுவையில் 50 மில்லிக்கு மேல் ஊடகம் ஊற்றாதீர்கள். மின்சாரம் நின்ற நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பிறகு அந்தப் புள்ளி மட்டும் ஏன் சரிந்தது என்று விளக்க முடியாது.

அறிகுறி: ரைசோபஸ் ஒரே உருண்டையாகத் திரண்டுவிட்டது

வித்துகள் குறைவாக விழுந்தால் இப்படி ஆகும். உருண்டையின் நடுவில் ஆக்சிஜனும் போகாது, புரோஜெஸ்டிரோனும் போகாது. மில்லிக்கு 10 லட்சம் வித்துகள் அளவில் எண்ணிச் சேருங்கள், வேகத்தைக் கூட்டுங்கள், சுவரில் ஏறிய இழைகளை அவ்வப்போது கையால் சுழற்றி இறக்குங்கள். நன்றாக வளர்ந்த பிறகே புரோஜெஸ்டிரோன் சேர்க்க வேண்டும். ஹைட்ராக்சில் சேர்க்கும் நொதி சைட்டோகுரோம் வகையைச் சேர்ந்தது. புரோஜெஸ்டிரோனைக் கண்ட பிறகுதான் பூஞ்சை அதை அதிகமாக உருவாக்கும். ஆகவே முதல் சில மணி நேரத்தில் ஒன்றும் நடக்காதது குறையல்ல.

டி.எல்.சி.யில் எதிர்பார்த்த புள்ளிக்குக் கீழே இன்னொரு புள்ளி வந்தால், 6ஆம் கார்பனிலும் ஹைட்ராக்சில் சேர்ந்துவிட்டது. நேரத்தைக் குறைத்தால் அது அடங்கும்.

அறிகுறி: ஹைட்ரோகார்டிசோன் பாதியில் நிற்கிறது, பிரெட்னிசோலோன் முழுமையாக வருவதில்லை

பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறை. முன்பு கோரினிபாக்டீரியம் சிம்ப்ளெக்ஸ் என்றும் இன்று நோகார்டியாய்டிஸ் சிம்ப்ளெக்ஸ் என்றும் அழைக்கப்படும் பாக்டீரியா இங்கே ஹைட்ரோகார்டிசோனிலிருந்து ஹைட்ரஜனை உருவி அதைப் பிரெட்னிசோலோனாக்குகிறது. உருவியதை வாங்கிக்கொள்ள முடிவில் ஆக்சிஜன் தேவை. இரண்டு பீக்குகளும் ஒட்டியே வருவதால் பாதியில் நின்றதுபோல வெறும் தோற்றமும் ஏற்படலாம். எச்.பி.எல்.சி.யில் மாதிரியைத் தள்ளிச் செல்லும் மொபைல் கரைசலில் சிறிது டெட்ராஹைட்ரோஃபியூரான் சேர்த்தால் அவை விலகும்.

அறிகுறி: ஒரே இரவில் குடுவை கலங்கிவிட்டது

மைக்கோபாக்டீரியம் அவ்வளவு வேகமாக வளராது. அமிலத்துக்கு நிலைக்கும் சாயம் இட்டுப் பாருங்கள். சிவப்பாக நின்றால் உங்கள் ரகம், நீலமானால் வேறொரு பாக்டீரியா. அந்தக் குடுவையை மீட்க முயல வேண்டாம். இந்த இனத்தில் சில ரகங்கள் உடல் நலிந்தவர்களுக்கு நோய் தரும் என்பதால் பாதுகாப்புக் கூண்டுக்குள்தான் எல்லா வேலையும்.

கழிவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரிவதில்லை. ஆட்டோகிளேவ் நுண்ணுயிரைக் கொல்லும், ஸ்டீராய்டை அழிக்காது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காகித ஆலைக் கழிவு கலந்த ஃபென்ஹாலோவே ஆற்றில் பெண் கொசுமீன்களுக்கு ஆண்மீனின் துடுப்பு வளர்ந்திருந்தது. 2001இல் அந்த நீரில் ஆன்ட்ரோஸ்டீன்டையோன் இருப்பது கண்டறியப்பட்டது. மரத்தின் ஸ்டெராலை நுண்ணுயிர்கள் மாற்றியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நம் குடுவையில் நடப்பதும் அதே மாற்றம். நொய்யலுக்கு நாம் ஏற்கெனவே செய்ததே போதும். பிரித்தெடுத்த கரைப்பானையும் ஊடகத்தையும் தனிக் கலனில் சேர்த்து, எரித்தழிக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள். தூளை எடை போடும்போது கையுறையும் முகக்கவசமும் வேண்டும், ஹார்மோன் தோல் வழியாகவும் உள்ளே போகும். கருவுற்ற மாணவிகளை இந்த வேலையிலிருந்து விடுவித்து வேறு பகுதியைக் கொடுக்க வேண்டியது வழிகாட்டியின் பொறுப்பு. கிடைத்த விளைபொருள் ஆய்வுக்கூடப் பொருள் மட்டுமே, யார் உடலுக்குள்ளும் போகக்கூடாது.

அறிகுறி: மாற்றும் திறன் மாதாமாதம் குறைகிறது

சாய்வு ஊடகத்தில் திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்ததன் விளைவு. ஸ்டெரால் இல்லாத சத்தான ஊடகத்தில் வேகமாக வளரும் செல்களே ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்ளும், திறன் உள்ளவை பின்தங்கும். ரகம் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே கிளிசராலில் சிறு குப்பிகளாகப் பிரித்து உறையவைத்துவிட வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் புதிய குப்பி, மிஞ்சியதைத் திரும்ப உறையவைக்கக்கூடாது. குப்பிகள் தீர்ந்துவிட்டால் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. அல்லது புனேயில் உள்ள என்.சி.ஐ.எம். சேமிப்பகத்திலிருந்து ரகத்தைப் புதிதாக வரவழையுங்கள். வந்ததும் முதல் வேலையாக ஒரு குடுவையில் லிட்டருக்கு 1 கிராம் ஸ்டெரால் போட்டு, முழுக் குடுவையையும் பிரித்தெடுத்து, டி.எல்.சி. தகட்டை விளக்கின் கீழும் அமிலம் தெளித்தும் பார்த்து, அந்தத் தகட்டின் படத்தைக் குப்பிகளின் தேதியோடு குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள்.